வெள்ளிக்கிழமை நோட்டு

ஜூலை 12, வெள்ளி

எங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன? துறையின் இணையப் படிவத்தில் பதினான்காவது கேள்வி இது. கோரையூர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நான் ஆறு ஆண்டுகளாகத் தலைமையாசிரியர். எனக்குப் பதில் தெரியவில்லை.

பூஜ்யம் என்று இட்டால் அந்தக் கட்டம் பச்சையாகிறது. ஒன்று என்று இட்டால் சிவப்பாகி, 'பதிவேட்டுடன் பொருந்தவில்லை' என்கிறது. பதிவேட்டின்படி மேல்நிலை வகுப்புகளுக்குக் கணித ஆசிரியர் இருக்கிறார். பெயர் தெய்வசிகாமணி. சம்பளம் இந்தப் பள்ளியின் பெயரில்தான் வாங்குகிறார். ஆனால் சென்ற ஆண்டு ஜூலையிலிருந்து மாவட்ட அலுவலகத்தில் மாற்றுப் பணி பார்க்கிறார். கணினி வேலையில் கெட்டிக்காரர். மூன்று மாதத்துக்கு என்று சொல்லி அழைத்துக்கொண்டார்கள். இடம் காலி என்றால் தற்காலிக ஆசிரியர் ஒருவரைக் கேட்கலாம். இடம் காலி இல்லை, ஆசிரியரும் இல்லை.

பூஜ்யம் இட்டு அனுப்பினேன்.

பதினொன்றரை பஸ்ஸில் நோட்டு வந்தது. ஒவ்வொரு ஆசிரியரும் வாரம் முழுக்க என்ன நடத்துகிறார் என்று பாடக் குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தெய்வசிகாமணி மாற்றுப் பணிக்குப் போன புதிதில், தணிக்கைக்கு வருகிறவர்கள் "பதிவேட்டில் இருக்கிற ஆசிரியரின் பாடக் குறிப்பு எங்கே?" என்று கேட்பார்களே என்று பயந்தோம். வீட்டிலிருந்தே எழுதி வெள்ளிதோறும் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவது என்று முடிவானது. யோசனை என்னுடையது. நான் பச்சை மையில் கையெழுத்திட, நோட்டு நாலு இருபது பஸ்ஸில் திரும்பிப் போகும்.

கண்டக்டர் நம்பிராஜன் இன்றும் ஜன்னலிலிருந்து கத்தினார்: "வாத்தியாருக்கு டிக்கெட் போடலாம், நோட்டுக்கு என்னத்த போட? லக்கேஜா?" பஸ் ஸ்டாப்பில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

வேலை அதிகம். நோட்டைக் கையில் எடுக்க மூன்றரை ஆகிவிட்டது. அதுவரை வராந்தா பெஞ்சில் கிடந்தது.

ஜூலை 13, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவதைக் குறைக்க வேண்டும்.

ஜூலை 16, செவ்வாய்

மதியம் முதல் பாடவேளை பன்னிரண்டாம் வகுப்பு அ பிரிவில் போய் உட்கார்ந்தேன். கால அட்டவணைப்படி அது கணிதம். இருபத்து மூன்று பேர். முதல் குரூப் எடுத்தவர்கள்: கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். பதினொன்றாம் வகுப்பு முழுக்கக் கணிதத்துக்கு ஆள் இல்லாமல் தேர்வு எழுதினார்கள். கணிதத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். அந்த ஒன்பது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் எம்.ஏ. வரலாறு. எம்.ஃபில் ஆய்வுக்கு ஏரிக் கல்வெட்டுகள் இரண்டு ஆண்டு படித்தேன். 'இன்ன அரசன் ஏரி வெட்டுவித்தான்' என்று கல்லில் இருந்தால் வெட்டுவித்ததாகச் சொல்லிக்கொண்டான் என்பது மட்டுமே உறுதி. தண்ணீர் நின்றதா என்பதற்கு வேறு சான்று வேண்டும். என் வழிகாட்டி அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. அதற்குப் பிறகு கல்லில் எழுதுகிற வேலையைத்தான் நான் பார்த்து வருகிறேன்.

"டீச்சர், நேர்மாறு அணி எடுப்பீங்களா?" என்று பொன்செல்வி கேட்டாள். முதல் பெஞ்ச், ஒல்லியான பெண். அவள் அம்மா முப்பிடாதிதான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"சரி டீச்சர், அப்ப சும்மா இருங்க, நாங்க போடுதோம்."

போட்டார்கள். அவளே கரும்பலகையில் எழுதினாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

சத்துணவில் இன்று முட்டைகள் சிறியவை. சமையலரிடம் சொன்னால் "கோழிகிட்ட சொல்லுங்க டீச்சர்" என்கிறாள்.

நோட்டு வந்தது. தெய்வசிகாமணியின் குறிப்புகள் நீண்டுகொண்டே போகின்றன. பாடக் குறிப்பு என்றால் நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். இவர் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போட்டுக் காட்டுகிறார். ஓரத்தில், 'இந்த இடத்தில் குறியை மாற்ற மறந்துவிடுவார்கள்' என்று எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு யார் மறப்பதைப் பார்த்தாரோ?

ஓரங்களில் பென்சில் தடங்கள் இருந்தன. பஸ்ஸில் வருகிற நோட்டு, யார் யார் கையோ படும்.

கையெழுத்திட நாலு மணி ஆகிவிட்டது.

ஜூலை 26, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். பதினோரு பேர் வந்தார்கள். நான் ஒருங்கிணைப்பாளர்; தீர்மான நோட்டை எழுதுவது என் வேலை. கழிவறைத் தண்ணீர், சுற்றுச்சுவர் இரண்டும் முடிந்ததும் முப்பிடாதி எழுந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"கணக்கு வாத்தியாருக்கு ஒரு தீர்மானம் எழுதுங்க டீச்சர்."

"போன வருசமே எழுதியாச்சே தாயி" என்றார் வார்டு உறுப்பினர் சங்கிலிபூதம். "மூணு தீர்மானம் கெடக்கு. இனி தீர்மானத்துக்கு ஒரு வாத்தியார் கேட்டு எழுது."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணாச்சி, சோறு போடுதாக, முட்டை போடுதாக, சைக்கிளு குடுக்காக. நான் இல்லங்கல. சைக்கிள்ல ஏறி எங்க போகணும்? பள்ளிக்கொடத்துக்கு. அங்க போயி என்ன செய்யணும்? படிக்கணும். அந்த ஒண்ணத்தத்தான கேக்கேன். நான் பத்தாங் கிளாஸ் பெயிலு. எதுல பெயிலு? கணக்குல. அப்பவும் இந்தப் பள்ளிக்கொடத்துல கணக்கு வாத்தியார் கெடையாது. எங்கம்மைக்குக் கேக்கத் தெரியல. எனக்குத் தெரியும்."

"யார்ட்ட கேப்ப?" என்றார் சங்கிலிபூதம்.

"கோர்ட்டுல."

தீர்மானம் நிறைவேறியது. நான் எழுதினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் அவள் மட்டும் நின்றாள்.

"கோர்ட்டுக்கு மனு யாரு டீச்சர் எழுதித் தருவாக?"

இலவச சட்ட உதவி மையம் என்று ஒன்று உண்டு, மதுரையில் வக்கீல் தருவார்கள் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

தோசைக்கு அரைத்தேன். மாலை நான்கு மணி நேரம் எழுத்து வேலை. என்ன எழுத்து என்பது இங்கே வேண்டாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முப்பிடாதி மதுரை போய் வந்தாள். வக்கீல் பெயர் ரபீக்கா. வயது முப்பதுக்குள்தான் இருக்குமாம்.

"மனுவ வாசிச்சுட்டு, 'இத யாருக்கா எழுதுனது? நான் கை வைக்க ஒண்ணுமே இல்லையே'ன்னு கேட்டாக டீச்சர்."

"நீ என்ன சொன்ன?"

"சொன்னது நானு, எழுதுனது தெரிஞ்சவுகன்னேன்." என் மேசை மேல் இருந்த பச்சை மைப் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீல மையிலதான் இருந்துச்சு டீச்சர்."

நோட்டு வந்தது. கையெழுத்திட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நீதிமன்ற அறிவிப்பு பதிவுத் தபாலில் வந்தது. எதிர்மனுதாரர்கள் ஐந்து பேர். முதலில் துறையின் செயலர், பிறகு இயக்குநர், அதற்குக் கீழே இரண்டு அலுவலர்கள். ஐந்தாவதாக, தலைமையாசிரியர், கோரையூர். அது நான். மனுவை நிதானமாக ஒருமுறை வாசித்தேன். மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம்: 'பணியிடத்தை அனுமதிப்பதோடும் ஊதியத்தை வழங்குவதோடும் அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை, வகுப்பறைக்குள் பாடம் சென்று சேரும்போதுதான் முடிகிறது.' ஒரு 'தான்' அதிகம். முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

குடிநீர்த் தொட்டி மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது.

செப்டம்பர் 2, திங்கள்

மாவட்டக் கல்வி அலுவலரின் நேர்முக உதவியாளர் வைகுண்டராஜன் ஜீப்பில் வந்தார். கையில் நூற்று அறுபது பக்கக் கட்டு. அரசுத் தரப்பின் பதில் மனு. ஐந்தாம் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டால் போதும்.

'மேற்படி பள்ளியில் கணிதப் பாடம் கால அட்டவணைப்படி தடையின்றி நடைபெற்று வருகிறது. அதற்குச் சான்றாக, தலைமையாசிரியர் வாரந்தோறும் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பாடக் குறிப்பேட்டின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.'

இதை ஏன் எதிர்பார்க்கவில்லை என்று தெரியவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

"பாடம் நடக்கலையே சார்" என்றேன்.

"நடக்கலைன்னு நீங்க எப்பவாவது எழுதியிருக்கீங்களா மேடம்?"

"மூணு கடிதம் எழுதினேன். ஆசிரியரைத் திருப்பி அனுப்பச் சொல்லி."

"திருப்பி அனுப்பச் சொன்னீங்க. நடக்கலைன்னு சொல்லலையே. நடந்துச்சுன்னு நாற்பத்தேழு தடவை பச்சையில போட்டிருக்கீங்க. நாற்பத்தெட்டாவதா இன்னொண்ணு. இதுல என்ன கஷ்டம்?" காபியை ஆற்றிக் குடித்தார். நல்ல மனிதர்தான், என் மாற்றல் சமயத்தில் உதவியிருக்கிறார். "இங்க பாருங்க, கேஸ் நெருக்கடியாச்சுன்னா வேற வழியும் இருக்கு. இருபத்து மூணு பிள்ளைங்கதானே? அந்த குரூப்புக்குச் சேர்க்கை போதாதுன்னு எழுதினா குரூப்பே போயிடும். குரூப் இல்லைன்னா போஸ்ட் இல்ல, போஸ்ட் இல்லைன்னா கேஸ் இல்ல. பிள்ளைங்க ஆர்ட்ஸ் குரூப் படிக்கட்டுமே. உங்களுக்குச் சந்தோஷம்தானே, நீங்க ஹிஸ்டரி."

"கையெழுத்துப் போடலைன்னா?"

"பொய்யா சான்று குடுத்திருக்கீங்கன்னு ஆகும் மேடம். 17 ஆ. ஓய்வுக்கு உங்களுக்குப் பதினோரு வருஷம் இருக்கு." புதன் பதினொன்றாம் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிக் கட்டை விட்டுப் போனார். பன்னிரண்டாம் தேதி விசாரணை.

பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டைத்தான் 17 ஆ என்போம். வேலைநீக்கம் வரை போகலாம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இரண்டு வகுப்பு கண்காணிப்பு. ஒன்பதாம் வகுப்பில் இருவருக்குக் காய்ச்சல், வீட்டுக்கு அனுப்பினேன்.

மதியம் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நூற்று அறுபது பக்கங்களையும் வாசித்தேன். வாசிப்பதற்காக யாரும் இணைத்ததில்லை, கனத்துக்காக இணைத்தது. 112ஆம் பக்கம், பிப்ரவரி 16 வாரக் குறிப்பு. பகுதித் தொகையிடல். இடது ஓரத்தில் பென்சில் எழுத்து, நகலில் மங்கலாக, ஆனால் வாசிக்க முடிகிற அளவுக்கு:

'சார் மூணாவது ஸ்டெப் எப்படி வந்துச்சுன்னு புரியல. நீங்க எப்ப வருவீங்க?'

அதன் கீழே தெய்வசிகாமணியின் கையெழுத்தில்:

'மூணாவது ஸ்டெப்பை அடுத்த பக்கத்தில் பிரித்துப் போட்டிருக்கிறேன் பார். எப்போது வருவேன் என்று எனக்குத் தெரியாதும்மா. வெள்ளிக்கிழமை நோட்டு வரும்.'

அதற்கும் கீழே என் கையெழுத்து. நகலில் அது பச்சையில்லை, கறுப்பு.

தொடர்ந்து புரட்டினேன். 118, 121, 126, 133. ஒவ்வொரு வாரமும் ஓரத்தில் கேள்வி, அடுத்த வாரம் பதில். மூன்று நான்கு கையெழுத்துகள். ஒரு பள்ளிக்கூடமே அந்த ஓரத்தில் நடந்திருக்கிறது. பாடம் நடைபெறுகிறது என்பதற்கு அரசு கொடுத்த சான்றில், நடக்கவில்லை என்று பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள்.

இந்த நாட்குறிப்பில் பிப்ரவரி 16ஐ எடுத்துப் பார்த்தேன். 'தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வாங்கினேன்' என்று இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

அன்று நான் அந்தப் பென்சில் வரியைப் பார்த்தேனா? பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மதியம் வரை வேலை அதிகமாக இருந்தது. நோட்டு பெஞ்சில் கிடக்கிற நேரத்தில் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று. அதை ஓர் உதவி என்று நினைத்தேன். உதவிதான். கூடவே என் கையெழுத்தும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பர் 4, புதன்

அந்தப் பக்கத்தை நீதிமன்றத்தில் காட்டினால் தெய்வசிகாமணியும் மாட்டுவார். அவரைக் கேட்காமல் செய்ய முடியாது. மதிய உணவு நேரத்தில் போன் செய்தேன்.

"சார், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்."

போனில் எங்கோ பிரிண்டர் ஓடும் சத்தம்.

"உங்களுக்குத் தெரியுமா, அது ஜெராக்ஸில் விழுந்திருக்கு?"

"தெரியும் மேடம். எடுத்தது நான்தான்." குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ்ல என்னைத்தான் எடுக்கச் சொன்னாங்க. ரெண்டு நாள் எடுத்தேன். அழிரப்பர் மேசை மேலதான் இருந்துச்சு மேடம்."

"பிறகு?"

"மேசை மேலயே இருந்துச்சு."

பிறகு அவரே கேட்டார்: "பன்னெண்டாம் கிளாஸ் எதுல நிக்குது மேடம்? கூம்பு வளைவு ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இந்த வெள்ளி நோட்டைப் பார்த்துத்தான் எனக்கும் தெரியும்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், எதிரே இருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா கொடுத்தார்கள். பன்னிரண்டு அ வகுப்பினர் இரண்டு பேனா வைத்திருந்தார்கள். ஒன்று எனக்கு, இன்னொன்றை "நாளைக்கு நோட்டோட வச்சு அனுப்பிருங்க டீச்சர்" என்று பொன்செல்வி கொடுத்தாள்.

மாலை முப்பிடாதி வந்தாள். அரசின் பதில் மனு நகல் முன்கூட்டியே வக்கீலுக்குப் போக, அவர் மூலம் விஷயத்தைக் கேள்விப்பட்டிருக்கிறாள். வழக்கமாக உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்துவிடுகிறவள் இன்று நின்றுகொண்டே பேசினாள்.

"நடந்துச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களாமே டீச்சர். நாற்பத்தேழு தடவ."

"ஆமா."

"அந்தக் கையாலயே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடாதீங்க. உங்க மக எந்தப் பள்ளிக்கொடத்துல படிச்சா?"

சொன்னேன். டவுனில் இருக்கும் தனியார் பள்ளியின் பெயர்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

நோட்டு வந்தது. பேனாவை வைத்துத் திருப்பி அனுப்பினேன். கையெழுத்திடவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பெங்களூரிலிருந்து நந்திதா பேசினாள். நடப்பதைச் சொன்னேன். மகளிடம் அலுவல் விஷயம் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

"சஸ்பெண்ட் பண்ணுவாங்களாம்மா?"

"தெரியல."

"எனக்கு ப்ளஸ் டூல கணக்குக்கு ரெண்டு சார்ம்மா. ஸ்கூல்ல ஒருத்தர், டியூஷன்ல ஒருத்தர்." ஏதோ நினைவு வந்ததுபோல் சொன்னாள், குத்திக்காட்டவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. உலையில் அரிசி போட்டதையே மறந்துவிட்டேன். குழைந்துபோயிற்று. அதையே சாப்பிட்டேன்.

பத்து மணியிலிருந்து எழுதினேன். ஐந்தாம் எதிர்மனுதாரரின் தனிப் பதில் மனு. மற்ற நால்வரோடு சேராமல், வக்கீல் இல்லாமல், நானே நேரில் ஆஜராகிறேன் என்று. முதல் வரைவில், 'நிர்வாகச் சூழ்நிலை காரணமாகக் கையொப்பமிட நேர்ந்தது' என்று எழுதினேன். அடித்தேன். 'வழக்கத்தின்படி கையொப்பமிடப்பட்டது' என்று மாற்றினேன். அதையும் அடித்தேன். செயப்பாட்டு வினையில் எழுதினால் யாரும் எதுவும் செய்யாததுபோல் ஆகிவிடுகிறது. கடைசியில் நின்றது:

'வகுப்பு நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே நாற்பத்தேழு வாரம் கையொப்பமிட்டேன். அரசுத் தரப்பு இணைத்த ஆவணங்களில் 112ஆம் பக்கத்தைப் பார்க்க வேண்டுகிறேன்.'

முழங்கால் வலி இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, புதன்

வைகுண்டராஜன் இரண்டு முறை போன் செய்தார். கையெழுத்து இல்லாமலே கட்டைத் திருப்பி அனுப்பினேன். என் மனுவைத் திங்களன்றே மதுரையில் தாக்கல் செய்தாயிற்று. நாளைக்குத் தற்செயல் விடுப்பு. உதவித் தலைமையாசிரியரிடம் மோட்டார்க்காரர் வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஐந்தே கால் பஸ்ஸில் மதுரைக்கு. ஏறியதும் பார்த்தேன், முப்பிடாதி ஏற்கெனவே இருந்தாள். அவள் மனுதாரர், நான் எதிர்மனுதாரர். சேர்ந்து உட்கார்வது சரியில்லை என்று இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டை தாண்டியதும் முன்சீட்டுக்காரர் கை வழியாக ஓர் இட்லிப் பொட்டலம் வந்தது.

"அந்தா, அந்த டீச்சர்ட்ட குடுங்கண்ணே. எதிர்க்கட்சிதான், ஆனா பசிக்கும்லா."

எனக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் வழக்கு எண் அறுபத்து நாலு. மூன்றரைக்குத்தான் அழைத்தார்கள். பதினோரு நிமிடம் நடந்தது.

அரசு வழக்கறிஞர் சொன்னார்: பணியிடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, நிரப்பப்பட்டிருக்கிறது, ஊதியம் தவறாமல் வழங்கப்படுகிறது, ஆகவே அரசு தன் பொறுப்பை நிறைவேற்றிவிட்டது. ரபீக்கா எழுந்து மூன்று வாக்கியம் பேசினார், ஐந்தாம் எதிர்மனுதாரரின் பதிலைப் பார்க்கச் சொன்னார். நீதிபதி பக்கங்களைப் புரட்டினார். பிறகு என்னை முன்னால் வரச் சொன்னார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாம் ஐயா."

"போடும்போது இந்தப் பென்சில் வரி இருந்துச்சா?"

"இருந்தது."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுப் போட்டீங்க."

"போட்டேன் ஐயா."

என் உடம்பு திடீரென்று சூடானது. அவமானமா, வயதா, தெரியவில்லை. நீதிபதி என்னை விட்டுவிட்டு அரசு வழக்கறிஞர் பக்கம் திரும்பினார்.

"ஒரு பிள்ளை பென்சில்ல ஒரு கேள்வி கேட்டிருக்கு, நீங்க எப்ப வருவீங்கன்னு. அரசாங்கம் நூத்தி அறுபது பக்கம் பதில் போட்டிருக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் இதுல எந்தப் பக்கத்துல இருக்கு?"

அரசு வழக்கறிஞர் கட்டைப் புரட்டினார். உண்மையிலேயே தேடினார்; அதற்காக அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. எங்கும் இல்லை.

இடைக்கால உத்தரவு: மாற்றுப் பணி ஆணைக்குத் தடை. ஆசிரியரை உடனே பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மாவட்டத்தில் இப்படிப் பதிவேட்டில் ஓர் இடமும் வேலை செய்வது ஓர் இடமுமாக இருக்கும் ஆசிரியர்களின் பட்டியலை மூன்று வாரத்தில் தர வேண்டும். வழக்கு முடியும் வரை அந்தப் பள்ளியில் எந்தப் பாடப் பிரிவையும் மூடக் கூடாது. தலைமையாசிரியர் செய்தது பற்றி நீதிமன்றம் ஒன்றும் சொல்லவில்லை. அது துறையின் விஷயம்.

திரும்பும் பஸ்ஸில் முப்பிடாதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் அருப்புக்கோட்டை தாண்டியது. பிறகு, "எம் மக எழுத்துத்தான் டீச்சர் அந்தப் பென்சிலு" என்றாள். "கோர்ட்டுல வக்கீலம்மா அந்தப் பக்கத்தக் காட்டுனாகள்ல, அப்பத்தான் எனக்கே தெரியும். என்ட்ட ஒரு நாளும் சொல்லல." சிறிது நேரம் கழித்து, "அவ ஸ்டெப்புன்னு எழுதியிருக்கா. எனக்கு அதுவும் தெரியாது" என்றாள்.

என் கணிப்பை எழுதி வைக்கிறேன். உத்தரவின் நகல் கிடைக்க ஒரு வாரம். அலுவலகம் விளக்கம் கேட்டுக் கோப்பைச் சுற்றில் விட ஒரு மாதம். நாளை பதினொன்றரை பஸ்ஸில் நோட்டு மட்டும் வரும். நான் கையெழுத்திட மாட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

நடந்தது இது.

நோட்டு பதினொன்றரை பஸ்ஸில் வரவில்லை. ஒன்பது பத்து பஸ்ஸில் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெய்வசிகாமணி இறங்கினார். "நோட்டு ஒரு வருசமா ஓசியில வந்துச்சு, சாருக்குத்தான் இன்னைக்கு டிக்கெட் போட்டேன்" என்று நம்பிராஜன் ஊருக்கே கேட்கச் சொல்லி விசிலடித்தார்.

நேற்று மாலை ஆறு மணிக்கே விடுவித்து அனுப்பிவிட்டார்களாம். உத்தரவு காகிதத்தில் வரும் முன்பே, அரசு வழக்கறிஞரின் ஒரு போனிலேயே. என் கணிப்பு தவறு.

என் அறைக்கு வந்து நின்றார். தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. சட்டைப் பையில் பிள்ளைகள் கொடுத்த பேனா. பணியில் சேர்ந்ததற்கான கடிதத்தைக் கொடுத்தார். பிறகும் போகவில்லை. பையிலிருந்து ஒட்டிய பழுப்பு உறை ஒன்றை எடுத்தார்.

"மேடம், இது... நீங்க எப்படியும் அங்கதானே போறீங்கன்னு பி.ஏ. வைகுண்டராஜன் சார் குடுத்துவிட்டாரு. வாங்க மாட்டேன்னு சொல்லிப் பார்த்தேன்."

17 ஆ. என் பெயருக்கு. நாற்பத்தேழு தேதிகளும் வரிசையாக இருந்தன, ஒன்றும் விடுபடவில்லை. விளக்கம் தரப் பதினைந்து நாள்.

"டைப் அடிச்சது யாரு?" என்று கேட்டேன். தப்பு ஒன்றுகூட இல்லை.

அவர் தரையைப் பார்த்தார். "கடைசி வேலை மேடம். முடிச்சாத்தான் விடுவிப்பேன்னாங்க."

அவருக்கும் ஒன்று வருமா என்று கேட்டேன். "டைப் பண்ண இப்ப ஆள் இல்ல மேடம், கொஞ்சம் நாளாகும்" என்றார்.

பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மணி அடித்தது. அவர் போனார். பன்னிரண்டு அ வகுப்பு என் அறைக்கு இரண்டு சுவர் தள்ளி இருக்கிறது. அவர் நுழைந்ததும் சத்தமே இல்லை. எழுந்து நிற்க வேண்டும் என்பதே அவர்களுக்கு உடனே தோன்றவில்லைபோல. பிறகு இருபத்து மூன்று பேரும் எழ, பெஞ்சுகள் ஒன்றாக நகரும் ஓசை. பொன்செல்வியின் குரல் கேட்டது: "சார், போன வாரம் கேட்டதுக்கு நோட்டுல பதில் போட்டுட்டீங்களா?"

"போடல. இன்னைக்கு போர்டுல போடுதேன்."

மதியம் மோட்டார்க்காரர் வந்தார். சரியாகிவிட்டது.

மாலை நோட்டு மேசைக்கு வந்தது. வாரக் குறிப்பில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து வரிகள் எழுதியிருந்தார், பழக்கத்தில். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு வரிகளுக்கு நேரே 'வகுப்பு நடைபெறவில்லை' என்று எழுதினேன். ஐந்தாவது வரி: வெள்ளி, முதல் பாடவேளை, பன்னிரண்டு அ, கணிதம். அதற்கு நேரே மட்டும் கையெழுத்திட்டேன்.